நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டிய தப்பு

என் நாத்தனார் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வீட்டில் நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் டீச்சர் என்பேன், ஏனென்றால் அதே பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு ஆயா வேலை. மணி அடிப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, வகுப்பறைகளைப் பெருக்குவது, அறிவிப்புப் பலகையில் காகிதம் குத்துவது எல்லாம் என் பொறுப்பு. ஆறாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். “வீட்டுல உக்காந்து சுவரைப் பார்க்கறதுக்கு, அங்க வந்து பிள்ளைங்களைப் பாரு” என்று ஒரு நாள் காலையில் கையோடு அழைத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகளைவிட அதிகமாக அக்காவைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவர், இரண்டாம் முறை யாரையும் கேட்கவிட்டதில்லை. எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் முன்னறை அவருடையது. அங்கே ஒரு கட்டில், ஒரு மேசை, திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு பக்கம், திருத்திய நோட்டுகள் மறுபக்கம்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கோடு டீச்சர். நோட்டில் ஓரக்கோடு, தலைப்புக்குக் கீழே இரட்டைக்கோடு, ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே ஒரு கோடு. அளவுகோல் கொண்டுவராத பிள்ளை அன்றைக்குப் பாவம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அவருக்கு வாய் சும்மா இருக்காது. “எங்கக்கா துணி காயப்போட்டா கொடியே நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும்” என்பார். அக்கா சிரிக்க மாட்டார். ஆனால் அடுத்த துணியைக் கொஞ்சம் கோணலாகப் போடுவார்.

அந்த வருஷம் அவர் கையில் வந்த ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். நாலாம் வகுப்பில் அவர்களுக்கு மூன்று டீச்சர்கள் மாறியிருந்தார்கள். நடுவில் இரண்டு மாதம் ஆளே இல்லை. அதனால் எண்களோடு அவர்களுக்குச் சரியான பழக்கம் ஏற்படவில்லை. கூட்டல் வந்தது, பெருக்கலும் தட்டுத்தடுமாறி வந்தது. வகுத்தலில் ஒரே ஓர் இடத்தில் மொத்த வகுப்பும் சறுக்கி விழுந்தது.

618ஐ 6ஆல் வகுத்தால் 103 வர வேண்டும். அறுநூற்றுப் பதினெட்டு பென்சிலை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நூற்றுமூன்று. அந்தப் பிள்ளைகள் நடுவில் இருக்கிற பூஜ்யத்தை விட்டுவிட்டு 13 என்று எழுதினார்கள். ஒருவர் இருவர் இல்லை, முப்பத்தொரு பேரில் இருபத்துநாலு பேர். அக்கா சிவப்பு மையால் அடித்துக்கொடுப்பார். மறுநாள் வேறு கணக்கு கொடுத்தால், அதிலும் நடுப்பூஜ்யம் காணாமல் போயிருக்கும்.

தலைமை ஆசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். கோபமாகப் பேச மாட்டார். அதனாலேயே அவர் கூப்பிட்டால் எல்லோருக்கும் பயம். ஒரு நாள் மதியம் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நான் தேநீர் கொண்டுபோனேன். வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். கம்பியில் அவ்வளவு தூசி இல்லைதான்.

“உக்காருங்க டீச்சர். பதினேழு வருஷமா அஞ்சாம் வகுப்பு பார்க்கறீங்க. அலுத்துப்போகும் இல்ல?”

“எனக்கு அலுக்கல சார்.”

“பிள்ளைங்களோட நோட்டைப் பார்த்தேன். அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்க. ஆபீஸ்ல அட்மிஷன் ரிஜிஸ்டர் பார்க்க ஒரு நல்ல கை வேணும். உங்க கையெழுத்தும் அழகு. வகுப்பைப் புது டீச்சர் பார்த்துக்கட்டும்.”

புது டீச்சர் என்பது அந்த வருஷம் சேர்ந்த சின்னப்பெண். சொந்த வகுப்பு கிடையாது. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்குப் போவார்.

அக்கா தேநீரைத் தொடவில்லை. “வகுப்பை மட்டும் எடுத்துடாதீங்க சார்.”

“நான் எங்க எடுக்கறேன்? கணக்குதான் எடுக்குது. அஞ்சு வாரம் பார்ப்போம். நானே ஒரு பரீட்சை வைக்கறேன். வகுத்தல் மட்டும், பத்துக் கணக்கு. இருபத்தஞ்சு பிள்ளைங்களாவது எட்டுக்குக் குறையாம சரியா போட்டாங்கன்னா வகுப்பு உங்களோடது.”

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “ரிஜிஸ்டர்” என்றார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது போல.

அப்போதுதான் அவர் ஃபேஸ்புக் குழுவை உருப்படியாகப் பார்க்க ஆரம்பித்தார். ஆசிரியர்களுக்கான குழு அது. பல ஊர்களிலிருந்து பதினோராயிரம் பேர் இருந்தார்கள். கூடப் படித்த யாரோ எப்போதோ அவரைச் சேர்த்துவிட்டிருந்தார். அதுவரை வாசலில் போகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவது போல, வருகிற படத்துக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார். இப்போது சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார், நோட்டில் குறிப்பு எடுத்தார். குறிப்புக்குக் கீழேயும் கோடு போட்டார்.

அந்தக் குழுவில் இல்லாத அழகு கிடையாது. வண்ண அட்டைகள், காகிதக் கிரீடம் வைத்த பிள்ளைகள், பல் தெரியச் சிரிக்கிற வகுப்புகள். அழுகிற பிள்ளையோ அடித்தல் திருத்தல் உள்ள நோட்டோ ஒரு படத்திலும் இல்லை.

“இவங்க வகுப்புல எல்லாம் பிள்ளைங்க தப்பே பண்ண மாட்டாங்களா?” என்று அக்கா கேட்டார்.

“பண்ணுவாங்க. படம் எடுக்கறப்ப மேசைக்கு அடியில தள்ளிடுவாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா அங்கே பார்த்ததையெல்லாம் செய்து பார்த்தார். முதலில் வண்ணக் காகிதத்தில் தொப்பி. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. பூஜ்யத் தொப்பி போட்ட பையன் அழுதான். அடுத்து வகுத்தல் பாட்டு. யாரோ ஒரு ஆசிரியர் எழுதி ஆடியும் காட்டியிருந்தார். “போகலையா, போகலையா, இறக்கு இறக்கு” என்று முடியும். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். ஆடி முடித்து உட்கார்ந்து 13 என்று எழுதினார்கள். முன்பு சரியாக எழுதிக்கொண்டிருந்த ஏழு பேரில் இரண்டு பேரும் பாட்டுக்குப் பிறகு 13க்கு வந்துவிட்டார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கரும்பலகைப் போட்டி. தன் வகுப்பின் கரும்பலகையை அலங்கரித்துப் படம் போட வேண்டும், அதிகம் பேர் விரும்புகிற பலகைக்கு அந்த வார மரியாதை. வகுப்பு போகப்போகிறது என்ற பயத்தில் இருக்கிற ஆளுக்குப் போட்டி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எங்கேயாவது ஓர் இடத்தில், யாராவது நாலு பேர் தன்னை நல்ல டீச்சர் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

சனிக்கிழமை அரை நாள். பிள்ளைகள் போனதும் அக்கா நாற்காலி மேல் ஏறினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் வண்ணச் சுண்ணக்கட்டியால் பலகையைச் சுற்றிக் கொடி, இலை, பூ. உச்சியில் எப்போதும் போலப் பள்ளியின் பெயர், வகுப்பு, தேதி. நடுவில் ஒரு முழம் இடம்தான் மிச்சம் இருந்தது, கணக்குக்காக. கீழே காவல்காரர் கதவுகளைச் சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா அவசரமாக வகுத்தல் கணக்கை எழுதி, விடைக்குக் கீழே இரட்டைக்கோடு போட்டு, படம் எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். நானும் பூவைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் போட்டார். மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலும் இதயமும் போட்டுவிட்டார்கள். “என்ன ஒரு நேர்த்தி”, “கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் டீச்சர்”, “வகுத்தல் இவ்வளவு அழகா” என்று வரிசையாக வந்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினார். அன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். போன் மேசையில் கிடந்தது. தன் படமாகக் கோழிப் படத்தை வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: “பூக்கள் ரொம்ப நன்றாக இருக்கின்றன டீச்சர். ஆனால் பதிமூன்றை ஆறு தடவை கூட்டினால் எழுபத்தெட்டுதானே வருகிறது?”

பலகையில் அக்கா எழுதியிருந்தது 618 ÷ 6 = 13.

அந்த வாரம் முழுவதும் அவர் திருத்திய நோட்டுகளில் எல்லாம் அதே 13. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டது, கை தானாக எழுதிவிட்டது. நாளெல்லாம் மற்றவர்களின் தப்பைத் திருத்துகிற ஆளுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

கோழியின் கேள்விக்குக் கீழே சிரிக்கிற முகங்கள் குவிய ஆரம்பித்தன. “குழுவின் தரம் என்ன ஆவது?” என்று ஒருவர் எழுதியிருந்தார். காலையில் கண்ணில் ஒற்றிக்கொண்டவரும் அதே ஆள்தான்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “நானூறு பேரும் டீச்சருங்களா? ஒருத்தருக்குக்கூடக் கணக்கு தெரியாதா? நல்லவேளை, நான் லிஃப்டுக்குப் போனேன்.”

“நீ கொஞ்சம் சும்மா இருடா” என்றார் அக்கா. அவர் விரல் படத்தை அழிக்கிற இடத்தில் நின்றது.

நான் சொன்னேன், “அழிச்சுட்டா கோழி கேட்டதும் சேர்ந்து போயிடும் அக்கா. ஏன் இப்படி வருதுன்னு அதுகிட்டயே கேட்டுப் பாருங்களேன்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக நான் இவ்வளவு நீளமாகப் பேசுவதில்லை. பிறகு போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி, அழித்து, எழுதி, வெகுநேரம் கழித்து அனுப்பியது இதுதான்:

“ஆமாம், தப்புதான். என் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் இதே தப்பைச் செய்கிறார்கள். இன்று நானும் செய்துவிட்டேன். தொப்பி வைத்துப் பார்த்தேன், பாட்டுப் பாடிப் பார்த்தேன், சரியாகவில்லை. இதைச் சரிசெய்யாவிட்டால் என் வகுப்பு என் கையை விட்டுப் போய்விடும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.”

பதினேழு வருஷம் டீச்சராக இருந்தவர், பதினோராயிரம் டீச்சர்கள் முன்னால், எனக்குத் தெரியவில்லை என்று எழுதினார். அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தார்.

தலையணை விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் சிரித்த முகங்கள் நின்றுபோயிருந்தன. “என் வகுப்பிலும் இதே பூஜ்யம்தான் டீச்சர், வெளியே சொல்ல வெட்கம்.” “நான் மூன்று வருஷமாகப் போராடுகிறேன்.” “நீங்கள் தொப்பி வைத்தீர்கள், நான் பொம்மலாட்டமே போட்டேன்.” அதுவரை கிரீடம் வைத்த பிள்ளைகளை மட்டுமே காட்டியவர்கள், அடித்தல் திருத்தல் நோட்டுகளைப் படம் எடுத்துப் போட்டார்கள். பாட்டு எழுதிய ஆசிரியரும் வந்தார். தன் வகுப்பிலும் பாட்டு பலிக்கவில்லை, ஆடியது நன்றாக இருந்ததால் போட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

கோழி இரண்டு நிமிஷக் குரல் பதிவு அனுப்பியிருந்தது. பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“சேவலா இருக்கும்னு நினைச்சேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

கோழி சொன்னது இது: “டீச்சர், உங்க பிள்ளைங்க கவனம் இல்லாம எழுதல. சொன்னதைச் செய்யறாங்க. போகலைன்னா அடுத்த எண்ணை இறக்குன்னு நாமதான் சொல்லிக் கொடுக்கறோம். அவங்க இறக்கிடறாங்க. போகாத இடத்துல பூஜ்யம் எழுதணும்னு நாம சொல்லவே இல்ல. விடை எத்தனை இலக்கத்துல வரும்னு வகுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுப் பாருங்க. அத்தனை சின்னக் கோடு போட வைங்க. ஒரு கோடு காலியா இருந்தா பிள்ளைக்கே உறுத்தும். எனக்கு இது பாதி வகுப்புக்குத்தான் சரியாச்சு. மீதியை நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க.”

அக்கா அதை நாலு தடவை கேட்டார். “போகலைன்னா இறக்கு. பதினேழு வருஷமா அதைத்தானே சொல்றேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முன்பு வந்த பிள்ளைகள் நாலாம் வகுப்பிலேயே நூறு, பத்து, ஒன்று என்று நன்றாகக் கற்றுக்கொண்டு வந்ததால் அவர் சொல்லாமல் விட்டதைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். இவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அடி வாங்கியது போலத்தான் அக்காவின் முகம் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அளவுகோலைத் தேடினார்.

திங்கட்கிழமை காலையில் பெரிய சார் கூப்பிட்டார். ஜன்னல் கம்பிக்கு மறுபடி துடைப்பு தேவைப்பட்டது.

“பலகையைப் பார்த்தேன் டீச்சர். மேல பள்ளிக்கூடத்துப் பேரு, கீழ தப்பான கணக்கு. எங்கெங்க இருந்தோ எனக்குப் போன் வருது.”

“தப்பு என்னோடது சார்.”

“அஞ்சு வாரம்னு சொன்னேன். ஒரு வாரம் போயிடுச்சு. மீதி நாலு வாரம் தாங்காது. மூணு வாரம் வச்சுக்குவோம்.”

வெளியே வந்து படி இறங்கும்போது நான் மெதுவாகச் சொன்னேன், “டீச்சர், அந்தப் பூப்பலகைக்கு இதயம் போட்டவங்க பட்டியல்ல பெரிய சார் பேரும் இருக்கு.”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நான் ஜெயிச்ச மாதிரி இருக்கும். பிள்ளைங்களுக்கு வகுத்தல் வந்துடுமா?”

வகுப்புக்குள் போனதும் அக்கா சனிக்கிழமைக் கணக்கைப் பலகையில் அப்படியே மறுபடி எழுதினார், பூ இல்லாமல். நான் வராந்தாவில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“இந்தக் கணக்கை நான் போட்டேன். நானூத்திப் பன்னிரண்டு பேர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எல்லாரும் டீச்சருங்க. இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிக்கறீங்களா?”

டீச்சர் தப்பு செய்தார் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. அக்கா ஜூஸ் குடிக்கிற உறிஞ்சுகுழல்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றை முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து நூறு நூறாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தோம். ஆறு கட்டு, அப்புறம் பதினெட்டு தனிக்குழல். ஆறு பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார்.

குட்டி வக்கீல் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெண் அந்த வகுப்பில் உண்டு. எழுந்து நின்றாள். “டீச்சர், ஆளுக்கு ஒரு கட்டு குடுத்தாலே நூறு ஆயிடுச்சு. பதிமூணு எப்படி டீச்சர் வரும்? பாக்கியை யார் எடுத்துக்கிட்டாங்க?”

“நல்ல கேள்வி. யார் எடுத்தது?”

“நீங்கதான் டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அவர் வகுப்புக்குள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு விடை எழுதுகிற இடத்தில் மூன்று சின்னக் கோடு போட வைத்தார். கோடு போடுவதில் அந்தப் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்று எழுதினார்கள். அடுத்த எண்ணைப் பார்த்தார்கள், ஒன்றில் ஆறு போகவில்லை. நடுக்கோடு காலியாக நின்றது. “அது ஏன் டீச்சர் சும்மா இருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். அங்கேதான் பூஜ்யம் போய் உட்கார்ந்தது.

ஒரு வாரத்தில் பதினைந்து பேர் தேறினார்கள். கோழி சொன்ன பாதிதான். மீதிப் பேர் கோடு போட்டார்கள், போட்டுவிட்டுக் கடைசிக் கோட்டில் எதையாவது எழுதி ஒப்பேற்றினார்கள். அக்கா அந்த நோட்டுகளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். இப்போது அவருக்கு வெட்கம் போய்விட்டது. தானாகவே ஒரு யோசனையும் எழுதினார்: “என் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுவதைவிட என் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு நேரம் இருந்தால், ஒளித்துவைத்த தப்போடு ஒரு கணக்கு அனுப்புங்கள். அவர்கள் தேடட்டும்.”

அவ்வளவுதான். எங்கெங்கோ இருந்து தப்புக் கணக்குகள் வர ஆரம்பித்தன. காலையில் முதல் மணி அடித்ததும் அக்கா ஒன்றைப் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் வேட்டைக்குப் போகிற மாதிரி முன்னால் சாய்வார்கள். கண்டுபிடித்ததும் பதில் சொல்லச் சொல்ல அக்கா போனில் எழுதி அனுப்புவார். “உங்கள் மூன்றாவது வரியில் பூஜ்யம் விழுந்துவிட்டது சார், எடுத்து வையுங்கள்.” முகம் தெரியாத அந்தச் சார்கள் “மன்னித்துவிடுங்கள்” என்று பதில் அனுப்பினால் வகுப்பே குதிக்கும். வராமல் இருக்கிற பழக்கம் உள்ள பிள்ளைகள்கூட முதல் மணிக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாசலைத் திறக்கச் சொல்லி என்னை அவசரப்படுத்தினார்கள்.

ஒரு நாள் கோழி ஒரு கணக்கு அனுப்பியது. அரை மணி நேரம் தேடியும் தப்பு கிடைக்கவில்லை. குட்டி வக்கீல் பலகைக்கே போய், விடையைத் திரும்பப் பெருக்கி, கீழே இருந்து மேலே ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சர், இதுல தப்பே இல்ல. தப்பு இருக்குன்னு அனுப்பினதுதான் தப்பு.”

அக்கா அதை அனுப்பினார். “அதற்காகத்தான் அனுப்பினேன்” என்று பதில் வந்தது. திரும்பப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் அந்த வகுப்புக்கு அன்று வந்ததுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மீதிப் பாதி கிடைத்துவிட்டது என்று அக்கா கோழிக்கு எழுதினார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை பெரிய சார் பரீட்சை வைத்தார். தானே உட்கார்ந்து பார்த்தார், தானே தாளை வாங்கிக்கொண்டு போனார். அக்கா அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.

கடைசி மணிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பெரிய சார் தாள் கட்டோடு ஐந்தாம் வகுப்புக்கு வந்தார். கூடவே புது டீச்சரும் வந்தார். நான் அழிப்பான் தட்டுகிற சாக்கில் கதவருகே நின்றேன்.

“டீச்சர், எல்லாத் தாள்லயும் ஒரே மாதிரி சின்னச் சின்னக் கோடு. எல்லாத் தாள்லயும் கீழ ஒரே மாதிரி பெருக்கல். பிள்ளைங்க பார்த்து எழுதினாங்களா?”

அக்கா கையில் இருந்த அளவுகோலை மேசையில் வைத்தார். “நீங்கதானே சார் உக்காந்திருந்தீங்க.”

பெரிய சார் பலகைக்குப் போய் 7021 ÷ 7 என்று எழுதினார். வகுப்பைச் சுற்றிப் பார்த்துக் கடைசி பெஞ்சின் மூலையில் இருந்த பையனைக் கூப்பிட்டார். யாரிடமும் பேசாத பிள்ளை. தொப்பிப் பாடத்தில் பூஜ்யம் வைத்துக்கொண்டு அழுதவன் அவன்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் பலகையைப் பார்த்தான். பெரிய சாரைப் பார்த்தான். “சார், இது கணக்கா, தப்புக் கணக்கா?”

“என்ன?”

“தப்பு இருந்தா முதல்லயே சொல்லிடுங்க சார். தேடணும்.”

பின்னால் சிரிப்பு கிளம்பியது. “தப்பு இல்ல, போடு” என்றார் பெரிய சார்.

“ஏழாயிரத்தை ஏழு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஆயிரம். அப்ப நாலு இலக்கம்” என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு அவன் நாலு சின்னக் கோடு போட்டான். ஒன்று எழுதினான். அடுத்து பூஜ்யம். மறுபடி நின்றான். சுண்ணக்கட்டி அந்தரத்தில் நின்றது. இரண்டில் ஏழு போகாது. இன்னொரு பூஜ்யம். பிறகு மூன்று. 1003. யாரும் கேட்காமலே கீழே போய் அதை ஏழால் பெருக்கினான். 7021 வந்தது. சுண்ணக்கட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

பெரிய சார் தாள் கட்டை அக்காவின் மேசையில் வைத்தார்.

“இருபத்தொம்பது பேர் எட்டுக்கு மேல டீச்சர். அதுல பதினெட்டு பேருக்குப் பத்துக்குப் பத்து.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவருகே இருந்த எனக்கு அப்படியும் கேட்டது. “அந்தப் பூப்பலகைக்கு நானும் இதயம் போட்டேன். பூவைத்தான் பார்த்தேன், கணக்கைப் பார்க்கல.”

“பரவாயில்ல சார். உங்களோட சேர்த்து நானூத்திப் பன்னிரண்டு பேர்” என்றார் அக்கா.

அவர் போன பிறகும் புது டீச்சர் போகவில்லை. தயங்கித் தயங்கித் தன் போனைத் திறந்து ஒரு நோட்டின் படத்தைக் காட்டினார். “டீச்சர், நேத்து மூணாம் வகுப்புக்குப் போனேன். கடன் வாங்கிக் கழிக்கறதுல எல்லாரும் இப்படி எழுதறாங்க. யார்கிட்டயும் சொல்லல.”

“குழுவுல போடுங்க” என்றார் அக்கா. “வெட்கப்பட்டா நாள்தான் வீணாகும். போடறதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துப் பேரை மட்டும் மறைச்சுடுங்க.”

அடுத்த வருஷத்து வகுப்புப் பட்டியலை விடுமுறைக்கு முந்தின நாள் பெரிய சார் என்னிடம் கொடுத்தார். நான் அதை அறிவிப்புப் பலகையில் நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினேன். ஐந்தாம் வகுப்புக்கு நேராக அக்காவின் பெயர். அக்கா தண்ணீர் குடிக்க வந்தது போல வந்தார். தண்ணீர்த் தொட்டி இருப்பது அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இல்லை. விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து தன் பெயரில் நிறுத்தினார். விரலை எடுக்கவில்லை.

“காத்துல பறந்துடப்போகுது. இன்னொரு ஊசி குத்து” என்றார்.

நாலு மூலையும் கெட்டியாகத்தான் இருந்தது. ஐந்தாவது ஊசியை எடுத்து, நட்டநடுவில், அவர் பெயருக்குப் பக்கத்தில் குத்தினேன்.